விற்க வேறொன்றும் இல்லாதபோது: லினக்ஸ் மீது எஸ்சிஓ தொடுத்த வழக்கின் பின்னணி

ஒரு புராசசருக்கு 699 டாலர். லினக்ஸ் ஓடும் சர்வர் வைத்திருந்த நிறுவனங்களிடம் 2003 ஆகஸ்டில் எஸ்சிஓ குரூப் கேட்ட தொகை இது. அதுவும் அறிமுக விலைதான்; பிறகு 1,399 ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். லினக்ஸை எஸ்சிஓ எழுதவில்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பல நாட்டு நிரலாளர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று கொடுத்த இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள் அது. எங்களுக்குச் சொந்தமான யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நிரலைத் திருடி அதில் சேர்த்திருக்கிறார்கள், அதனால் அதைப் பயன்படுத்துகிறவர்கள் எங்களுக்குக் காசு கட்ட வேண்டும் என்பது எஸ்சிஓவின் வாதம்.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, மார்ச் 6 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஐபிஎம் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டிருந்தது. ஓராண்டுக்குள் அந்தத் தொகை 300 கோடி, 500 கோடி என்று ஏறியது. ஐபிஎம்மோடு ஒப்பிட்டால் எஸ்சிஓ ஒரு பெட்டிக்கடை. இது பைத்தியக்காரத்தனம் என்றுதான் அன்றைக்குப் பலரும் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் இருந்த நிலைமையை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வழக்கால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய லாபங்கள் பல இருந்தன. நீதிமன்றத்தில் ஜெயிப்பது அதில் ஒன்று மட்டுமே.

முதலில் யார் இந்த எஸ்சிஓ? தொண்ணூறுகளில் நம் ஊரில் கணினி படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பயிற்சி மையங்களிலும் வங்கிக் கிளைகளிலும் எஸ்சிஓ யுனிக்ஸ் ஓடிய காலம் அது. அதைத் தயாரித்தது கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் ஆப்பரேஷன், 1979-ல் ஒரு தந்தையும் மகனும் தொடங்கிய நிறுவனம். மற்றவர்கள் தங்கள் விலை உயர்ந்த இயந்திரங்களோடு சேர்த்து யுனிக்ஸை விற்றபோது, சாதாரண இன்டெல் பெட்டியிலேயே யுனிக்ஸ் ஓடும் என்று காட்டி வளர்ந்தவர்கள் இவர்கள். கடைகளின் பில் கவுண்ட்டர், சிறு அலுவலகம், கிளை அலுவலகம், இவைதான் அவர்களின் சந்தை.

லினக்ஸ் வந்து முதலில் கைவைத்ததும் அதே சந்தையில்தான். சன், ஐபிஎம், எச்பி எல்லோரிடமும் யுனிக்ஸ் இருந்தது. ஆனால் அவர்களுக்கு விற்பதற்குச் சொந்த இயந்திரமும் இருந்தது. எஸ்சிஓவிடம் மென்பொருள் மட்டும். அதே இன்டெல் பெட்டியில் அதே வேலையைச் செய்யும் ஒன்று இலவசமாகக் கிடைக்கும்போது அந்த மென்பொருளை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? யுனிக்ஸ் நிறுவனங்களிலேயே லினக்ஸின் முதல் அடி இவர்கள் மீது விழுந்தது அதனால்தான்.

ஆனால் வழக்குப் போட்டது அந்தப் பழைய நிறுவனம் இல்லை. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். யூட்டாவில் 1994-ல் தொடங்கிய கால்டெரா என்ற நிறுவனம் 2001 மே மாதத்தில் சாண்டா குரூஸின் சர்வர் மென்பொருள் பிரிவை வாங்கியது. 2002 ஆகஸ்டில் தன் பெயரையும் எஸ்சிஓ குரூப் என்று மாற்றிக்கொண்டது. கால்டெராவின் தொழில் என்ன தெரியுமா? லினக்ஸ் விற்பது. நோவெல் நிறுவனத்தை நடத்திய ரே நூர்டாவின் பணத்தில், லினக்ஸை அலுவலகங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிறந்த நிறுவனம் அது. அதன் லினக்ஸும் போகவில்லை, வாங்கிய யுனிக்ஸும் போகவில்லை. 2002 நிதியாண்டில் வருமானம் சுமார் 6.4 கோடி டாலர், நஷ்டம் சுமார் 2.5 கோடி டாலர். பங்கின் விலை பாதாளத்துக்குப் போகாமல் இருக்க நான்கு பங்கை ஒன்றாக்கியும், 2003 தொடக்கத்தில் அது ஒன்றரை டாலரைச் சுற்றியே கிடந்தது.

2002 ஜூனில் டார்ல் மெக்பிரைட் தலைமை நிர்வாகி ஆனார். வந்தவர் கிடங்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். விற்பனை சரிந்துகொண்டிருந்த இரண்டு பொருள்கள் இருந்தன. அவற்றோடு யுனிக்ஸின் நிரலும், அதன் உரிம ஒப்பந்தங்கள் அடங்கிய கட்டும் இருந்தன. 1969-ல் ஏடி அண்டு டியின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யுனிக்ஸ், 1993-ல் நோவெலிடம் வந்து, 1995-ல் சாண்டா குரூஸுக்குப் போய், இப்போது தன் கையில் இருக்கிறது. இதிலிருந்து பணம் எடுக்க முடியுமா?

முடியும் என்று நினைக்க அந்த வட்டாரத்தில் ஒரு முன்னனுபவம் இருந்தது. இதைப் போதுமான அளவு யாரும் பேசவில்லை என்பது என் எண்ணம். 1996-ல், லினக்ஸ் விற்கும் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிவதற்கு முன்பு, நூர்டாவின் பணத்தில் நடந்த முதல் கால்டெரா நிறுவனம், நோவெலிடமிருந்து டிஆர்-டாஸ் என்ற பழைய மென்பொருளை வாங்கியது. வாங்கிய கையோடு, மைக்ரோசாஃப்ட் தன் ஏகபோகத்தைக் காட்டி அந்தப் பொருளை நசுக்கியது என்று வழக்குப் போட்டது. 2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் சமரசம் செய்துகொண்டது. கொடுத்த தொகை 28 கோடி டாலர் என்று பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. கடையில் விலைபோகாத ஒரு பொருள் நீதிமன்றத்தில் 28 கோடிக்குப் போனது. அதே முதலீட்டுக் குடும்பத்தில் இருந்ததுதான் எஸ்சிஓவும். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள்.

இனி, ஐபிஎம் மீது பாய்ந்ததில் அவர்களுக்கு என்னென்ன எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்று பார்ப்போம்.

வழக்கறிஞர் டேவிட் பாய்ஸின் நிறுவனத்தோடு போட்ட கட்டண ஒப்பந்தம் ஒரு முக்கியமான தடயம். வழக்கில் கிடைப்பதில் ஒரு பங்கு என்பது அமெரிக்காவில் சகஜம். ஆனால் இந்த ஒப்பந்தத்தில், எஸ்சிஓ நிறுவனமே விற்கப்பட்டாலும் வழக்கறிஞர்களுக்கு 20 சதவீதம் உண்டு. நிறுவனத்தை யாராவது வாங்கிவிடுவார்கள் என்ற எண்ணம் இல்லாமல் யாரும் அப்படி ஒரு வரியை எழுதமாட்டார்கள். 2001-ல் லினக்ஸில் 100 கோடி டாலர் போடுவதாக அறிவித்த ஐபிஎம்முக்கு, சில கோடி கொடுத்து இந்தத் தொந்தரவையே வாங்கி மூடிவிடுவது சுலபமில்லையா? பங்குச் சந்தையில் அன்று பலர் அப்படித்தான் கணித்தார்கள்.

ஐபிஎம் அதைச் செய்யவில்லை. 2003 ஆகஸ்டில் எதிர்வழக்குப் போட்டது. ஒருமுறை காசு கொடுத்துவிட்டால், லினக்ஸ் திருட்டுப் பொருள்தான் என்று ஐபிஎம்மே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதன் பிறகு லினக்ஸை நம்பி எந்த வங்கி வரும்? பணத்தைவிட அதுதான் பெரிய கணக்கு. எஸ்சிஓ தவறாகப் போட்ட முதல் கணக்கும் இதுவே.

அடுத்தது உரிமக் கட்டணம். 2003 மே மாதத்தில் சுமார் 1,500 பெரிய நிறுவனங்களுக்கு எஸ்சிஓ கடிதம் எழுதியது: லினக்ஸ் பயன்படுத்துவதால் சட்டப் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். அதே மாதம் மைக்ரோசாஃப்ட் எஸ்சிஓவிடம் யுனிக்ஸ் உரிமம் வாங்கியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸும் வாங்கியிருந்தது. இந்த இரண்டு நிறுவனங்களின் பணத்தால் மட்டுமே எஸ்சிஓ தன் வரலாற்றில் முதன்முறையாக லாபம் காட்டியது. அந்த நிதியாண்டின் மொத்த வருமானம் சுமார் 7.9 கோடி டாலர். அதில் உரிமப் பணம் மட்டும் சுமார் 2.6 கோடி. அடுத்த ஆண்டு அது 10 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. 699 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த நிறுவனங்களில் மிகச் சிலவே கட்டின.

பங்கு விலை வேறு ஒரு கதை. ஒன்றரை டாலரில் கிடந்த பங்கு, 2003 அக்டோபரில் 20 டாலருக்குப் பக்கத்தில் போனது. ஏழு மாதம்தான். மென்பொருளில் ஒரு புதுமையும் செய்யவில்லை, வாடிக்கையாளர் கூடவில்லை. அறிக்கைக்கு மேல் அறிக்கை, பேட்டிக்கு மேல் பேட்டி, ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பெரிய குற்றச்சாட்டு. அந்த உச்சத்தில்தான் பேஸ்டார் என்ற முதலீட்டு நிதியமும் ராயல் பேங்க் ஆஃப் கனடாவும் சேர்ந்து 5 கோடி டாலர் போட்டன. மூழ்கிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அது பல ஆண்டு உயிர்.

அந்த 5 கோடிக்குப் பின்னால் மைக்ரோசாஃப்ட் இருந்ததா? பேஸ்டாரை நடத்தியவர் பின்னாளில் நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தில், மைக்ரோசாஃப்டின் உயர் அதிகாரி ஒருவர் தன்னிடம் இந்த முதலீட்டைப் பற்றிப் பேசியதாகவும், நஷ்டம் வந்தால் தாங்கிக்கொள்வோம் என்ற பேச்சு வந்து, பிறகு அது எழுத்தில் வராமலே போனதாகவும் சொன்னார். பேஸ்டாரோடு தங்களுக்குப் பண உறவு ஏதும் இல்லை என்றது மைக்ரோசாஃப்ட். வழக்கையே மைக்ரோசாஃப்ட்தான் தூண்டிவிட்டது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. மெக்பிரைட் அந்தப் பாதையில் 2002-லேயே இறங்கிவிட்டார். ஆனால் எரிகிற அடுப்பில் விறகு வைத்தது யார் என்று கேட்டால், உரிமம் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே போதும். லினக்ஸ் சட்டப்படி ஆபத்தானது என்ற பயம் பரவினால் அன்று யாருக்கு லாபம் என்பதிலும் ரகசியம் இல்லை.

சரி, இவர்களிடம் ஆதாரம் ஏதாவது இருந்ததா? நான் கவனித்த வரையில், நோக்கம் என்ன என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது இந்தக் கேள்விதான்.

வெளியே பேசும்போது, லட்சக்கணக்கான வரிகள் திருடப்பட்டன என்றார்கள். நீதிமன்றத்துக்குள் அவர்களின் வாதம் வேறு மாதிரி இருந்தது. ஐபிஎம் 1985-ல் ஏடி அண்டு டியிடம் யுனிக்ஸ் உரிமம் வாங்கி, அதன் மேல் ஏஐஎக்ஸ் என்ற தன் சொந்த யுனிக்ஸ் வடிவத்தைக் கட்டியது. யுனிக்ஸோடு சேர்த்து ஐபிஎம் சொந்தமாக எழுதியதும் அந்த ஒப்பந்தத்தின் ரகசியக் கட்டுப்பாட்டுக்குள் வரும், அதை லினக்ஸுக்குக் கொடுத்தது ஒப்பந்த மீறல் என்பதே வாதம். அதாவது ஐபிஎம் தன் பொறியாளர்களை வைத்து எழுதியதை ஐபிஎம்மே கொடுக்கக்கூடாது என்கிறார்கள். ஆனால் அதே 1985-ல் ஏடி அண்டு டி எழுதிக் கொடுத்த துணைக் கடிதத்தில், நீங்கள் செய்யும் மாற்றங்கள் உங்களுக்கே சொந்தம் என்று தெளிவாக இருந்தது. எஸ்சிஓ சுட்டிக்காட்டிய ஜேஎஃப்எஸ் கோப்பு முறையோ (வட்டில் கோப்புகளை ஒழுங்காகச் சேமிக்கும் நிரல்), ஏஐஎக்ஸிலிருந்துகூட எடுக்கப்படவில்லை. லினக்ஸுக்கு வந்தது ஐபிஎம்மின் இன்னொரு இயங்குதளமான ஓஎஸ்/2-வுக்காக எழுதப்பட்ட வடிவம்.

வரிகளைக் காட்டுங்கள், தவறு இருந்தால் உடனே நீக்கிவிடுகிறோம் என்று லினக்ஸ் நிரலாளர்கள் முதல் நாளிலிருந்தே கேட்டார்கள். கெஞ்சினார்கள் என்றே சொல்லலாம். எஸ்சிஓ காட்டவில்லை, ரகசியம் என்றது. என் வீட்டிலிருந்து திருடிய பொருள் உன்னிடம் இருக்கிறது என்கிறவர், எந்தப் பொருள் என்று சொன்னால் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றால் சொல்லத்தானே வேண்டும்? சொன்னால் இரண்டு நாளில் அந்த வரிகள் நீங்கிப் புது வரிகள் வந்துவிடும். அப்புறம் 699 டாலர் எதற்கு? பொருள் திரும்பி வருவது எஸ்சிஓவுக்கு வேண்டியிருக்கவில்லை. சந்தேகம் நீடிப்பதுதான் வேண்டியிருந்தது.

2003 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த தங்கள் கூட்டத்தில் கொஞ்சம் திரைவிலக்கினார்கள். சில வரிகளைக் கிரேக்க எழுத்தில் மறைத்துக் காட்டினார்கள். படம் வெளியே வந்த சில நாள்களில் நிரலாளர்கள் அதை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு பகுதி, நினைவகம் ஒதுக்கும் சிறு நிரல். அதன் வேர் எழுபதுகளின் பழைய யுனிக்ஸில் இருந்தது. அந்தப் பழைய யுனிக்ஸை 2002 ஜனவரியில் யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்து வெளியிட்டது கால்டெராவேதான். இன்னொரு பகுதி பெர்க்லியில் பிறந்த ஒரு வலைப்பின்னல் நுட்பம். லினக்ஸில் அதைத் தனியாக ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வேறு சில கோப்புகளின் பட்டியலை எஸ்சிஓ கொடுத்தபோது, அவற்றில் சில தன் கையால் எழுதியவை என்று டோர்வால்ட்ஸே எழுந்து சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மாணவனாக உட்கார்ந்து எழுதிய வரிகளுக்காக ஒருவரைத் திருடன் என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு! இந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் கோபமும் வருகிற இடம் இது.

அவர்களுக்கே ஆதாரம் இல்லை என்பது தெரிந்திருக்குமா? 2002 ஆகஸ்டில், வழக்குக்கு ஏறக்குறைய ஏழு மாதம் முன்பு, நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் 2005-ல் நீதிமன்ற ஆவணமாக வெளிவந்தது. லினக்ஸையும் யுனிக்ஸையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த முந்தைய ஆய்வில் பதிப்புரிமை மீறல் எதுவும் கிடைக்கவில்லை என்று அதில் இருந்தது. அந்த மடல் மெக்பிரைட்டுக்கும் அனுப்பப்பட்டிருந்தது. வேறு ஆய்வில் பொதுவான நிரல் இருப்பதாகக் கண்டோம் என்றது எஸ்சிஓ. ஆனால் நீதிபதி டேல் கிம்பால் 2005 பிப்ரவரியிலேயே, பொதுவெளியில் சொன்ன குற்றச்சாட்டுக்கும் கொண்டுவந்த ஆதாரத்துக்கும் இடையில் மிகப் பெரிய இடைவெளி இருப்பதாகத் தன் உத்தரவில் எழுதினார். 2006-ல் மாஜிஸ்திரேட் நீதிபதி புரூக் வெல்ஸ், எஸ்சிஓ கொடுத்த 294 குற்றச்சாட்டுகளில் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்தார். கடையிலிருந்து வெளியே வரும்போது பிடித்த ஒருவரிடம், என்ன எடுத்தாய் என்று சொல்லாமல் கடையின் விலைப் பட்டியல் முழுவதையும் நீட்டுவதைப் போல இருக்கிறது என்றார்.

இந்த நேரத்தில் எஸ்சிஓவின் காலடி மண்ணே சரிந்துகொண்டிருந்தது. காரணம் 1995-ன் ஒப்பந்தம். சாண்டா குரூஸால் யுனிக்ஸுக்கு முழு விலை கொடுக்க முடியவில்லை. அதனால் பழைய உரிமதாரர்கள் கட்டும் ராயல்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது நோவெல். சாண்டா குரூஸ் அதை வசூலித்துக் கொடுக்க வேண்டும். அதன் கூலி 5 சதவீதம். பதிப்புரிமையோ, விற்பனையில் சேராத சொத்துகளின் பட்டியலில் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருந்தது. வாடகை வசூலித்துக் கொடுத்து அதில் கமிஷன் எடுக்கிறவர், வீட்டுப் பத்திரம் என் பெயரில்தான் இருக்கிறது என்று சொன்னால் எப்படி? 2003 மே 28 அன்று நோவெலின் தலைவர் ஜாக் மெஸ்மன் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்: பதிப்புரிமையை மாற்றித் தாருங்கள் என்று கடந்த சில மாதங்களாகத் திரும்பத் திரும்ப எங்களைக் கேட்டீர்கள், நாங்கள் மறுத்தோம்.

கையில் இருக்கும் பொருளை யாராவது இன்னொருவரிடம் கேட்பார்களா? 1996-ல் எழுதிய ஒரு திருத்தத்தைக் காட்டி எஸ்சிஓ வாதாடியது. அந்தத் திருத்தத்தின் வாசகம் கொஞ்சம் குழப்பமானதுதான். அதனால்தான் சண்டை இவ்வளவு நாள் இழுத்தது. 2007 ஆகஸ்டில் பதிப்புரிமை நோவெலுக்கே என்றார் கிம்பால். நோவெலுக்குத் தர வேண்டிய பணத்தைப் பற்றிய விசாரணை தொடங்க மூன்று நாள் இருக்கையில், செப்டம்பர் 14 அன்று, எஸ்சிஓ திவால் மனு போட்டது. மேல்முறையீட்டில் ஜூரி விசாரணை வேண்டும் என்று ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 2010 மார்ச்சில் ஜூரியும் நோவெல் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

லினக்ஸ் பக்கம் இதனால் ஒரு பழக்கம் வந்தது. 2004-லிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு நிரல் அனுப்புகிற ஒவ்வொருவரும், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று பெயரிட்டு ஒரு வரி சேர்க்க வேண்டும். இன்றும் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் அது இருக்கிறது.

எஸ்சிஓவின் தொழில் 2011-ல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. வழக்கு மட்டும் திவால் பொறுப்பாளர் கையில் மிஞ்சியது. அதில் கடைசிவரை உயிரோடு இருந்த பகுதியைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

1998-ல் ஐபிஎம்மும் சாண்டா குரூஸும் சீக்வென்ட் என்ற கணினி நிறுவனமும் சேர்ந்து, இன்டெலின் புதிய 64-பிட் சில்லுக்கு ஒரு யுனிக்ஸ் செய்யக் கூட்டு வைத்தன. மான்டரே திட்டம் என்று பெயர். 2001-ல் ஐபிஎம் கைகழுவியது. ஆனால் கூட்டாளி கொடுத்த நிரலைத் பவர் என்ற தன் சொந்தச் சில்லில் ஓடும் இயந்திரங்களின் ஏஐஎக்ஸில் ஐபிஎம் சேர்த்துக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மற்றவற்றைத் தள்ளிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் விசாரிக்க வேண்டியது என்றது. லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கூட்டாளி ஏமாற்றினான் என்கிற, எந்தத் தொழிலிலும் வரக்கூடிய வழக்கு இது. இதில் நியாயம் இருந்திருக்கலாம்.

2003-ல் இதை மட்டும் முன்னால் வைத்து வந்திருந்தால்? 1,500 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுத முடியாது. புராசசருக்கு 699 டாலர் கேட்க முடியாது. மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கியிருக்காது, பங்கு 20 டாலருக்குப் போயிருக்காது. அதனால் நிற்கக்கூடிய குற்றச்சாட்டு பின்னால் போய், பயமுறுத்தக்கூடிய குற்றச்சாட்டு முன்னால் வந்தது.

2021 ஆகஸ்டில் ஐபிஎம் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. 500 கோடி டாலர் கேட்ட வழக்கில் ஐபிஎம் கொடுத்தது 1 கோடியே 42.5 லட்சம். அதுவும் திவால் பொறுப்பாளரிடம், கடன்காரர்களுக்காக.